ஃப்ளோரைடு பேஸ்ட் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? கறைப்பல் ஊர்க்காரியின் பதில்

கேள்வி இதுதான்: "பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகனுக்கு 6 வயது, மகளுக்கு இரண்டரை. நவம்பர் 7 தேசியப் பல் துலக்கும் நாள் என்று மகனின் பள்ளியில் பிரஷ் கொண்டுவரச் சொன்னார்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய தாளில், ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் வாங்குங்கள், இரவிலும் துலக்கவையுங்கள் என்று இருக்கிறது. என் மாமியாருக்குச் சொந்த ஊர் தருமபுரி மாவட்டம். 'ஃப்ளோரைடுதான் எங்க ஊர்ல அத்தனை பேர் பல்லையும் கெடுத்துச்சு, அதையே காசு கொடுத்து வாங்கிப் புள்ள வாயில வைப்பியா? ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு சும்மாவா சொன்னாங்க?' என்கிறார். யார் சொல்வது சரி?"

உங்கள் மாமியார் தண்ணீரைப் பற்றிச் சொல்வது முழுக்கச் சரி. பேஸ்ட்டைப் பற்றிச் சொல்வது சரியில்லை. பள்ளித் தாளில் உள்ளபடியே செய்யுங்கள். ஆனால் எவ்வளவு பேஸ்ட் என்பதைத் தாள் சொல்லவில்லை போலிருக்கிறது. விஷயமே அந்த அளவில்தான் இருக்கிறது.

நான் பல் மருத்துவர். பெங்களூரில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராம்புரம் பக்கத்துப் பள்ளிகளில் எத்தனையோ முகாம்களில் பிள்ளைகளின் வாயைப் பார்த்திருக்கிறேன். அதைவிட முக்கியம், நான் பிறந்தது பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம். என் மேல் முன்பற்கள் இரண்டிலும் குறுக்காகப் பழுப்புப் பட்டை இருந்தது. கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒருவர் எல்லார் முன்னாலும், "பல் டாக்டருக்குப் படிக்க வந்திருக்கே, பல் தேய்க்க மாட்டியா?" என்று கேட்டார். அதன்பிறகு பல வருடம் கையால் வாயை மறைத்துத்தான் சிரித்தேன். அதனால் உங்கள் மாமியாரின் கோபம் எனக்கு அந்நியம் இல்லை. அவரைப் படிக்காதவர் என்று யாராவது ஒதுக்கினால் எனக்கு வலிக்கும்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னால் மற்றது புரிந்துவிடும். என் அக்காவுக்கு எட்டொன்பது வயது இருக்கும்போது ஊரில் அடிபம்பு வந்தது. அதுவரை திறந்த கிணற்றுத் தண்ணீர்தான் குடித்தோம். கோடையிலும் வற்றாத பம்பு என்று ஊரே கொண்டாடியது. நானும் தம்பியும் அந்தத் தண்ணீரில் வளர்ந்தவர்கள். எங்கள் இருவருக்கும் கறை, அக்காவுக்குப் பளிச்சென்று வெள்ளைப் பல். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, அக்காவும் அதே பம்புத் தண்ணீரைக் கல்யாணம் வரை குடித்தவள்தான். அவள் பல் ஏன் கறைபடவில்லை?

ஏனென்றால் இந்தக் கறை பல்லின் மேல் வந்து ஒட்டுவது அல்ல. முன்பக்க நிலைப்பற்களின் எனாமல், அதாவது பல்லின் மேலுள்ள கெட்டியான வெள்ளை உறை, குழந்தை பிறந்த சில மாதங்களில் தொடங்கி நான்கைந்து வயதுக்குள் தாடை எலும்புக்குள்ளேயே உருவாகி முடிந்துவிடுகிறது. பல் வெளியே தெரிவது ஆறேழு வயதில்தான். உள்ளே எனாமல் உருவாகும் அந்தக் காலத்தில் ஃப்ளோரைடு அதிகமுள்ள தண்ணீரைத் தினமும் குடித்தால், அது இரத்தம் வழியாகப் போய் எனாமலைக் கட்டும் செல்களின் வேலையைக் கெடுக்கிறது. எனாமல் கெட்டியாக இல்லாமல் நுண்துளைகளோடு முளைக்கிறது. முதலில் சுண்ணாம்பு போல வெளிறித் தெரியும், பிறகு நாள்பட நாள்படப் பழுப்பேறும். அக்காவின் முன்பற்கள் பம்பு வருவதற்கு முன்பே உருவாகி முடிந்துவிட்டன. எங்களுடையவை அப்போது உள்ளே உருவாகிக்கொண்டிருந்தன.

இதனால் இரண்டு விஷயம். ஒன்று, கறைப்பல் உள்ளவர் பல் தேய்க்காதவர் அல்ல. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. எலுமிச்சை, கரி, செங்கல் தூள் என்று எதையாவது போட்டு உரசினால் இருக்கிற எனாமலும் தேயும், பல் கூசும், கறை அப்படியே இருக்கும். இன்னொன்று, முளைத்து முடிந்த பல்லில் வெளியிலிருந்து படும் ஃப்ளோரைடு இந்தக் கறையை உண்டாக்க முடியாது. வயிற்றுக்குள் போவதுதான், அதுவும் சுமார் எட்டு வயதுக்குள் போவதுதான், பல்லுக்குக் கணக்கு. தண்ணீரில் அளவு மிக அதிகமாக இருந்து பல வருடம் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். அது பெரியவர்களுக்கும் உண்டு. 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்துக்கு இது புதிய நோய் இல்லை.

நம் பகுதி கடினப் பாறைப் பூமி. பாறையில் உள்ள ஃப்ளோரைடு தாதுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தடி நீரில் கரைகின்றன. போர்வெல் ஆழமாகப் போகப் போக, பாறையோடு நெடுங்காலம் கிடந்த தண்ணீர் மேலே வருகிறது. இதற்காகவே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டம் வந்தது. 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ், அதாவது ஃப்ளோரைடு அதிகமாகிப் பல்லும் எலும்பும் கெடுவது, அதன் பாதிப்பைக் குறைப்பது என்று இருக்கிறது. ஆகவே உங்கள் மாமியார் சொல்வது ஊர்க்கதை இல்லை, அரசே ஒத்துக்கொண்ட உண்மை.

சரி, அப்படியானால் பேஸ்ட்டில் அதை ஏன் போடுகிறார்கள்? அதுவும் கறைப்பல்லில் தொடங்கிய கதைதான். 1901-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குத் தொழில் செய்யப் போன ஃப்ரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அந்த ஊரில் வளர்ந்தவர்கள் பலருக்கும் பல்லில் பழுப்புக் கறை இருப்பதைப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பல்தான். வருடக்கணக்கில் அதன் பின்னால் அலைந்தவர் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அந்தப் பற்களில் சொத்தை குறைவு. காரணம் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு என்று 1931-ல்தான் கண்டுபிடித்தார்கள். அப்புறம், கறை வராமல் சொத்தையை மட்டும் குறைக்கிற அளவு எது என்று தேடிப் போனார்கள். ஃப்ளோரைடு பல்லுக்குச் செய்யும் நன்மையில் பெரும்பகுதி அது பல்லின் மேல் படுவதால்தான், விழுங்குவதால் அல்ல என்பது பின்னால் தெளிவானது. விழுங்காமல், பல்லின் மேல் மட்டும் படவைக்க ஒரு வழி வேண்டும். பேஸ்ட் அதற்குத்தான்.

அது என்ன செய்கிறது என்றால்: நாம் இனிப்போ மாவுப்பண்டமோ சாப்பிட்டதும், பல்லின் மேல் படிந்திருக்கும் பிசுபிசுப்பான படலத்தில் உள்ள கிருமிகள் அதைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. வாயின் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும். பிறகு எச்சில் அந்த அமிலத்தை மெல்ல முறித்து, கரைந்ததைத் திரும்பப் படியவைக்கும். அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். எச்சிலில் ஃப்ளோரைடு கொஞ்சமாவது இருந்தால், திரும்பப் படிவது வேகமாக நடக்கும். படிகிற பொருளும் முன்னைவிட அமிலத்தைத் தாங்கும். கரைவது அதிகமாகி, திரும்பப் படிவது குறைந்தால் ஒரு நாள் ஓட்டை விழும். அதுதான் சொத்தை. பூச்சி எதுவும் பல்லுக்குள் போய்க் குடைவதில்லை.

இப்போது மாமியாரிடம் உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். 1000 பி.பி.எம். பேஸ்ட் என்றால் ஒரு கிராம் பேஸ்ட்டில் ஒரு மில்லிகிராம் ஃப்ளோரைடு. நம் நாட்டில் பேஸ்ட்டுக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்ச அளவும் அந்த 1000 தான். இரண்டரை வயது மகளுக்கு ஒரு அரிசி அளவு பேஸ்ட் போதும். அது சுமார் 0.1 கிராம், அதில் 0.1 மில்லிகிராம் ஃப்ளோரைடு. ஆறு வயது மகனுக்குப் பட்டாணி அளவு, சுமார் 0.25 மில்லிகிராம். அவன் காலையும் இரவும் துப்பாமல் முழுவதையும் விழுங்கினால்கூட அரை மில்லிகிராம்தான். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரை ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் குடிக்கும் பிள்ளைக்கு 3 மில்லிகிராம் உள்ளே போகிறது, சோற்றிலும் பருப்பிலும் சேர்வது தனி. எது பல்லைக் கெடுத்தது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

அதேசமயம் அவருடைய பயத்தில் ஒரு பகுதி நியாயம். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நீளத்துக்கும் பிதுக்கினால் அது ஏறக்குறைய ஒரு கிராம். பழ வாசனையும் இனிப்புமாக இருக்கும் பேஸ்ட்டை மிட்டாய் மாதிரி சப்பி விழுங்கும் குழந்தைக்கு அந்த அளவு தினமும் இரண்டு வேளை போகக்கூடாது. பேஸ்ட்டைப் பெரியவர்கள்தான் வைத்துத் தர வேண்டும். டியூபைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள். அளவைக் கண்காணிக்கும் பொறுப்பை மாமியாரிடமே கொடுத்தால் நான் சந்தோஷப்படுவேன். அவரைவிடக் கவனமாக அதை யாரும் பார்க்கப்போவதில்லை.

வாங்கும்போது டியூபின் பின்பக்கம் பாருங்கள். சோடியம் ஃப்ளோரைடு அல்லது சோடியம் மோனோஃப்ளோரோபாஸ்பேட் என்று எழுதி, பக்கத்தில் பி.பி.எம். எண் இருக்கும். மூலிகை பேஸ்ட்டுகள் பலவற்றில் ஃப்ளோரைடு இருக்காது. பிள்ளைகளுக்கான பேஸ்ட்டுகளில் சிலவற்றில் 500-க்குள் இருக்கும். சொத்தையைத் தடுக்க 1000 அளவில் உள்ளதுதான் நம்பகமானது. குறைந்த எண் உள்ள பேஸ்ட்டை நிறைய வைப்பதைவிட, இதைக் கொஞ்சமாக வைப்பது நல்லது.

இரவில் துலக்குவது பற்றி நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. காலையில் எல்லாரும் துலக்கிவிடுகிறார்கள், வாய் நாற்றத்துக்குப் பயந்தாவது. ஆனால் தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். பகலில் அமிலத்தை முறிக்கும் காவல்காரன் இரவில் இல்லை. சாப்பாட்டுத் துணுக்கோடு தூங்கினால் ஏழெட்டு மணி நேரம் கிருமிகளுக்கு விருந்து. பெங்களூரில் நான் பார்க்கும் சின்னப் பிள்ளைகளின் சொத்தையில் பெரும்பகுதி, மேல் முன்பற்கள் நான்கும் கரைந்து கரும்பட்டையாக நிற்பது, படுக்கையில் பாட்டில் பாலோடு தூங்குவதால் வந்தது. அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து வீடு சேர ஒன்பது மணி ஆகிறது. பிள்ளை அழாமல் தூங்கினால் போதும் என்று சர்க்கரை போட்ட பாலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இருந்தாலும் சொல்கிறேன், உங்கள் மகளுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் பாலை முதலில் கொடுங்கள், பல்லைக் கடைசியாகத் துலக்குங்கள். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். நடுவில் விழித்து அழுதாலும் தண்ணீர் மட்டும். மூன்று நான்கு நாள் கஷ்டம், அப்புறம் பழகிவிடும்.

துலக்கும் விதத்தைப் படம் போட்டுத்தான் காட்ட வேண்டும், எழுத்தில் முடிந்தவரை சொல்கிறேன். மகளை மடியில் படுக்கவைத்து, தலை உங்கள் பக்கம் இருக்கும்படி மேலிருந்து பாருங்கள். உதட்டை விரலால் தூக்கிவிட்டுச் சிறு வட்டங்களாகத் தேயுங்கள். துப்பத் தெரியாத வயது, முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மகன் தானே துலக்குவேன் என்பான், துலக்கட்டும். அவன் முடித்த பிறகு நீங்கள் ஒருமுறை துலக்கிவிட வேண்டும். ஷூ லேஸைத் தானே கட்டும் அளவுக்கு விரல் பழகும் வரை, ஏழெட்டு வயது வரை, பிள்ளைகளால் கடைவாய்ப் பல்லைச் சரியாகத் துலக்க முடியாது. பெரியவர்கள் என்றால் பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, மெதுவாக அசைக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் ஈறு கீழிறங்கும். இரண்டு நிமிடம் ஆக வேண்டும். மென்மையான நார் உள்ள பிரஷ், நார் விரிந்துவிட்டால் அல்லது மூன்று மாதமானால் மாற்றுங்கள்.

இன்னொன்று, இதைச் சொன்னால் எல்லாரும் முகம் சுளிப்பார்கள். துலக்கி முடித்ததும் நுரையைத் துப்புங்கள், ஆனால் சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். பல்லின் மேல் இருக்க வேண்டிய ஃப்ளோரைடை நாமே கழுவிவிடுகிறோம். நமக்கு நன்றாகக் கொப்பளித்தால்தான் வாய் சுத்தமான மாதிரி இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரவு வேளையில் மட்டுமாவது பழகிப் பாருங்கள்.

ஆலும் வேலும் பற்றிக் கேட்டீர்கள். பலர் வேல் என்பதை வேம்பு என்று நினைக்கிறார்கள். அது கருவேல மரம், எல்லா இடத்திலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம் இல்லை. ஆலம் விழுதிலும் வேலங்குச்சியிலும் துவர்ப்பு உண்டு. நுனியை மென்று நாராக்கினால் அதுவே பிரஷ். பிரஷ் வாங்க வழியில்லாத காலத்தில் நம்மவர்கள் பல்லைக் காப்பாற்றியது அதுதான், அந்த அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் அன்றைய குழந்தைகள் பிஸ்கட்டும் ரஸ்க்கும் சாக்லேட்டும் நாளுக்கு ஐந்து முறை தின்றதில்லை. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு தடவையும் அந்த அமிலக் கணக்கு புதிதாகத் தொடங்கும். குச்சியில் ஃப்ளோரைடும் இல்லை, கடைவாய்ப் பல்லின் உள்பக்கம் அது எட்டுவதும் கடினம். மாமியார் தனக்குக் குச்சிதான் வேண்டும் என்றால் காலையில் அதைப் பயன்படுத்தட்டும், இரவில் பிரஷ்.

அவருக்கு ஈறில் இரத்தம் வருகிறதா என்றும் கேளுங்கள். வந்தால் நம்மவர்கள் உடனே துலக்குவதை நிறுத்திவிடுவார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர். 1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோவும் அவருடன் இருந்தவர்களும் ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல ஆனதில் சரியானது. மென்மையாக, விடாமல் துலக்கினால் இரத்தம் தானே குறையும். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் அந்தப் படலம் கல் போல இறுகிக் காரை கட்டியிருக்கும், டாக்டர்தான் எடுக்க வேண்டும். க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்பது தவறு. ஏற்கெனவே எலும்பு கரைந்து ஆடும் பல்லைக் காரை தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டிருந்தால், அதை எடுத்ததும் ஆட்டம் தெரியவரும், அவ்வளவுதான். சர்க்கரை நோய் இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஈறு நோய் சர்க்கரையை ஏற்றும், சர்க்கரை ஈறு நோயை ஏற்றும்.

பேஸ்ட்டைவிட நீங்கள் விசாரிக்க வேண்டியது வீட்டுத் தண்ணீரை. குழாயில் வருவது காவிரித் தண்ணீர் மட்டும் என்றால் கவலை இல்லை, ஆற்று நீரில் பொதுவாக ஃப்ளோரைடு குறைவு. ஆனால் பெங்களூரில் பல கட்டடங்களில் காவிரித் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கும். 2024 கோடையில் ஊரே டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்ததே, அந்தத் தண்ணீர் எந்தப் போரிலிருந்து வந்தது என்று யார் கேட்டோம்? தண்ணீரை ஒருமுறை பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து ஃப்ளோரைடு அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரம். கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி, மிச்சத்தில் அது இன்னும் அடர்த்தியாகும். ஆர்.ஓ. வடிகட்டி பெரும்பகுதியை எடுத்துவிடும். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் தருமபுரிக்குப் போய் மாதக்கணக்கில் தங்குவார்கள் என்றால் அங்கேயும் குடிக்க, சமைக்க எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வந்தால் அதையே பிடித்து வையுங்கள்.

பள்ளியில் நடத்திய நாளைப் பற்றி ஒரு வார்த்தை. நவம்பர் 7 பொதுச் சுகாதாரப் பல் மருத்துவர்களின் சங்கம் முன்னெடுக்கும் நாள். ஆகஸ்ட் 1 வாய் சுகாதார நாள், இந்திய ஈறு மருத்துவர்கள் சங்கத்தை நிறுவிய ஷங்க்வால்கரின் பிறந்த நாள். மார்ச் 20 உலக வாய் நல நாள். நானும் இந்த நாட்களில் பெரிய பல் பொம்மையைத் தூக்கிக்கொண்டு பள்ளிகளுக்குப் போகிறவள்தான். பிள்ளைகள் கைதட்டுவார்கள், இலவச பேஸ்ட் வாங்கிக்கொள்வார்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் படலம் அப்படியே இருக்கும். ஸ்காட்லாந்தில் சின்னப் பிள்ளைகள் மழலையர் பள்ளியிலேயே தினமும் ஆசிரியர் கண்முன் ஃப்ளோரைடு பேஸ்ட்டில் துலக்குகிறார்கள், அங்கே சொத்தை குறைந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்க முடியுமா என்று உங்கள் மகனின் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். நான்கு பெற்றோர் சேர்ந்து கேட்டால் காது கொடுப்பார்கள்.

கடைசியாக, மகனுக்கு 6 வயது என்றதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். இன்றிரவு போன் வெளிச்சத்தை அடித்து, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் பாருங்கள். எந்தப் பால்பல்லும் விழாமலே அங்கே ஒரு புதிய பெரிய பல் முளைக்கும். விழுந்து முளைக்கிற பல்தானே என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். அது நிலைப்பல், போனால் திரும்ப வராது. மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் முதலில் சொத்தையாவதும் அதுதான். முளைத்திருந்தால் பிரஷ்ஷைக் குறுக்காக வைத்து அதைத் தனியாகத் துலக்குங்கள். பள்ளங்களைச் சீலன்ட் வைத்து அடைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், ஊசியும் இல்லை, வலியும் இல்லை. தனியாரில் முடியாவிட்டால் விக்டோரியா மருத்துவமனைப் பக்கத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாமியாரையும் கூட்டிப்போங்கள், கறைக்கு இப்போது மேல்பூச்சு முதல் பல வழிகள் உண்டு, எனக்கும் ஒன்று செய்துகொண்டேன். வேண்டுமா வேண்டாமா என்பதை அவரே கேட்டு முடிவு செய்யட்டும்.